அலமாரிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர்

கையில் ஒட்டியிருந்த கரியைக் கால்சட்டையில் துடைத்தபடி மோட்டார் சார் கூட்ட அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்குப் பகீரென்றது. அந்த எலக்ட்ரிகல் துறையில் ஒருவரைப் பார்த்துக் கை தட்டினால், அவர் தலையில் ஏதோ கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

துறையில் அப்படி ஒரு வழக்கம். யாருக்கும் பிடிக்காத வேலை வந்து சேர்ந்தால், கூட்டத்துக்கு வராதவர் யாரோ, தாமதமாக வருகிறவர் யாரோ, அவருக்கு அது ஏகமனதாக ஒப்படைக்கப்படும். மற்ற எல்லா விஷயத்திலும் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசுவார்கள். அதற்குப் பயந்தே காய்ச்சலோடு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. மோட்டார் சார் கீழே லேபில் ஒரு பழைய மோட்டாருக்குள் உரசுகிற கார்பன் பிரஷ் என்ற கரித்துண்டை மாற்றுகிற சுவாரசியத்தில் நேரத்தைக் கோட்டை விட்டுவிட்டார்.

"வாங்க, வாங்க. உங்களைப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தோம்," என்றார் துறைத் தலைவர். வயதில் இவரைவிடச் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

"நல்லபடியா பேசினீங்களா மேடம்?"

"ரொம்ப நல்லபடியா. இந்த வருஷத்துலேர்ந்து ரெண்டாம் வருஷப் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பாடம் வருது. நீங்கதான் எடுக்கறீங்க."

மோட்டார் சார் திரும்பிக் கதவின் மேலிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். சரியான கட்டடம்தான்.

"மேடம், இது எலக்ட்ரிகல் துறை."

"அதனாலதான். எலக்ட்ரிகல் படிச்சுட்டுக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னா இனிமே எவனும் வேலை குடுக்க மாட்டான். பாடத்திட்டக் குழு சொல்லிடுச்சு."

"எனக்கு அதுல ஆனா ஆவன்னாவே தெரியாதே. என் மேஜையில இருக்கற கம்ப்யூட்டரையே யாராவது வந்து ஆன் பண்ணிக் குடுத்தாத்தான் உண்டு."

"தெரிஞ்சவங்க எதிர்க் கட்டடத்துல இருக்காங்க. கம்ப்யூட்டர் துறைக்காரங்களே வந்து எடுக்கத் தயார். ஆனா அவங்களுக்குக் கீழ்த்தளத்துல பெரிய ரூமா ஒண்ணு வேணுமாம்."

கீழ்த்தளத்தில் இருந்த பெரிய ரூம் ஒன்றே ஒன்றுதான். அது மோட்டார் சாரின் லேப்.

அந்த லேபில் பச்சை வண்ணம் அடித்த மோட்டார்கள் இரண்டு வரிசையாகக் காங்கிரீட் மேடைகளில் உட்கார்ந்திருக்கும். ஒன்று கிளம்பும்போது முனகும். ஒன்று நிறுத்தின பிறகும் மனமில்லாமல் கொஞ்ச நேரம் சுற்றும். ஜன்னலோரத்தில் இருப்பதைத் தொட்டால் உள்ளங்கையில் இதமாக ஒரு அதிர்வு ஏறும். மோட்டார் சாருக்கு அந்த அதிர்வு இல்லாமல் ஒரு காலைப் பொழுது விடிந்ததாகவே கணக்கில்லை. லேப் போனால் அவை எல்லாம் பழைய இரும்பு வாங்குகிறவனின் லாரியில் ஏறிவிடும்.

"நானே எடுக்கறேன்," என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ரூம் எல்லாம் மாத்த வேண்டாம். என் லேப்லயே கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து போடுங்க. பரீட்சைக்கு முன்னாடி பாருங்க, என் மோட்டாரையே கம்ப்யூட்டர் ஓட்டும். குழுவைக் கூப்பிட்டுக் காட்டறேன்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா லேபை எடுத்துக்குங்க."

மறுபடியும் கை தட்டினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் தடிமனாக ஒரு புத்தகம் வாங்கினார். அதில் முன்னுரை மட்டும் நன்றாகப் புரிந்தது. அதில் ஆசிரியர் தன் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார்.

மோட்டார் சாரின் மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பவர்.

"என்ன அது, தலைக்கு வெச்சுத் தூங்கறதுக்கா?"

"கம்ப்யூட்டர் புத்தகம். நான்தான் பாடம் எடுக்கப் போறேன்."

அந்த அம்மாள் காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "போன மாசம்தானே மவுஸைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு, அம்பு எதிர்ப்பக்கமா போகுதுன்னு அதைத் திட்டினீங்க?"

"அது மவுஸ். இது இன்ஜினியரிங்."

"வேணும்னா நான் சொல்லித் தரட்டுமா?"

"உனக்குத் தெரிஞ்சது தபால் கம்ப்யூட்டர். அது வேற, இது வேற."

"ஓகோ," என்றார் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஓகோவுக்கு மோட்டார் சாருக்குப் பதில் தெரிந்ததில்லை.

புத்தகத்தால் ஆகாது என்று தெரிந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. மோட்டாரைக் கம்ப்யூட்டர் எப்படி ஓட்டுகிறது என்று பார்க்க எங்கேயும் போக வேண்டாம். வீட்டு வாஷிங் மெஷினுக்குள்ளேயே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் போர்டு இருக்கிறது. அதுதானே உள்ளே இருக்கிற மோட்டாரை ஓட்டுகிறது? ஒரு விடுமுறை நாளில் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போன சமயம் பார்த்து அதைப் பிரித்தார். மோட்டாரை மனதாரப் பாராட்டினார். போர்டைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்ததும் தரையில் கொஞ்சம் திருகாணிகள் மிச்சம் இருந்தன.

அதற்குப் பிறகு அந்த மெஷின் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பிழியத்தான் பிழிந்தது. தண்ணீர் விடச் சொன்னாலும் பிழிந்தது, நிறுத்தச் சொன்னாலும் பிழிந்தது. அதைச் சரிசெய்யப் போய் அவர் போர்டையே கழற்றி எறிந்துவிட்டு, மோட்டாரை நேராக ஒரு சுவிட்சில் இணைத்தார். அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மனைவி, கணவர் மெஷின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சுவிட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"துணி துவைக்குது. நல்லாவே துவைக்குது பாரு."

"இதுல கம்ப்யூட்டர் இருந்ததே, அது எங்க?"

"இப்போதைக்கு நான்தான்."

"சரி. கம்ப்யூட்டர் எழுந்து போய்த் துணியைக் காயப் போடட்டும்," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனார்.

வகுப்பு தொடங்கியது. மோட்டார்களுக்கு நடுவே மேஜைகள் போட்டு, மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். முதல் நாள் மோட்டார் சார் தப்பித்துவிட்டார். லூப் என்ற ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுவது.

"மோட்டாருக்குக் கம்பி சுத்தற மாதிரிதான்," என்றார். "எத்தனை சுத்துன்னு முன்னாடியே சொல்லிடணும். சொல்லலைன்னா சுத்தறவன் கம்பி தீர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருப்பான். கம்ப்யூட்டருக்குக் கம்பி தீரவே தீராது. அதான் வித்தியாசம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். புரிந்தும் கொண்டார்கள். பரவாயில்லையே என்று அவர் தெம்பாக நிமிர்ந்தபோது, மூன்றாவது மேஜையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அவளுக்குச் சந்தேகம் என்றே பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

"சார், எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போனா ஒரு இடத்துக்கு மேல திடீர்னு மைனஸ்ல காட்டுது. கூட்டினா எப்படி சார் குறையும்?"

மோட்டார் சார் கரும்பலகையை அழித்தார். அழித்த இடத்தையே மறுபடியும் அழித்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே உதவி எதுவும் வருவதாகத் தெரியவில்லை.

"நல்ல கேள்வி," என்றார். "பதிலை நான் சொன்னா நாளைக்கே மறந்துடுவ. நீயே கண்டுபிடிச்சு நாளைக்கு வகுப்புக்குச் சொல்லு."

அவள் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் பலகையில் கட்டம் போட்டு விளக்கினாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணுக்கும் அளவான இடம்தான் ஒதுக்குகிறது, அது நிரம்பி வழிந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது என்றாள். மோட்டார் சார் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டார்.

இது வசதியாகத்தான் இருந்தது. எந்தக் கேள்வி வந்தாலும் அவர் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு அதே பதிலைச் சொன்னார். பிள்ளைகள் நூலகத்தைத் துழாவினார்கள். எதிர்க் கட்டடத்துக்காரர்களிடம் போய்க் கேட்டார்கள், தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள், மறுநாள் வந்து பலகையை நிரப்பினார்கள். மோட்டார் சார் கடைசி பெஞ்சில் குறிப்பெடுத்து, அதை வீட்டில் மனப்பாடம் செய்து, அடுத்த நாள் தன் சொந்தச் சரக்கு மாதிரி ஒரு வரி எடுத்துவிடுவார். குட்டு வெளிப்படாமல் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

ஒருநாள் மேடம் அந்தப் பக்கமாக நடந்து போனவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பலகையடியில் ஒரு பெண் சாக்பீஸோடு நிற்கிறாள். இரண்டு பேர் அவளோடு மல்லுக்கு நிற்கிறார்கள். தூங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் கடைசி பெஞ்சில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார். மேடம் அப்படியே உருகிப் போனார்.

"எத்தனை நாளா இந்த முறையில எடுக்கறீங்க?"

"முதல் நாள்லேர்ந்தே மேடம்." அது சத்தியமான வார்த்தை.

"இதுதான் இப்போ உலகம் பூரா பேசற முறை. மாணவர்களே தேடிக் கத்துக்கறது. நீங்க சத்தமே இல்லாம செஞ்சிருக்கீங்க."

"பெருசா ஒண்ணுமில்ல மேடம். விட்டுடுங்க."

அவர் விடவில்லை. மறுவாரமே துறையிலிருந்த மற்ற ஆசிரியர்கள் எல்லாம் மோட்டார் சார் முறையைக் கற்றுக்கொள்ள வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசி பெஞ்ச் நிரம்பி வழிந்தது. குறிப்பெடுக்க அவருக்கு இடமும் இல்லை, தைரியமும் இல்லை. ஆகவே அவர் பாடத்தில் இன்னும் பின்தங்கிப் போனார். பின்தங்கப் பின்தங்க அவருடைய மௌனம் நீண்டது. மௌனம் நீள நீள அவருடைய புகழும் வளர்ந்தது. கடைசியில் விஷயம் பாடத்திட்டக் குழுவின் காதுக்கே எட்டிவிட்டது. யாராவது ஒரு உதவியாளரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம் என்றிருந்த குழுத் தலைவர், தானே நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

மோட்டாரை ஓட்டுகிற வேலையைச் சந்தேகமும் அவள் மேஜைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலோர மோட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சின்னதாக ஒரு போர்டு செய்து வைத்தார்கள். திரையில் பாதி வேகம் என்று தட்டினால் மோட்டார் பாதி வேகத்தில் ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

குழு வருவதற்கு முந்தின நாள் மாலை ஒத்திகை பார்த்தார்கள். சந்தேகம் விசையைத் தட்டினாள். மோட்டார் பாதிச் சுற்று சுற்றியது, போர்டில் இருந்த விளக்குகள் அணைந்தன, மோட்டார் நின்றது. விளக்குகள் மறுபடி எரிந்தன. மறுபடி தட்டினாள். மறுபடி அதே கதை.

"மோட்டார் கிளம்பற அந்த நொடியில மட்டும் போர்டு செத்துப் போகுது. ஏன் சார்?"

"நல்ல கேள்வி. நீயே கண்டுபிடிச்சு நாளைக்குச் சொல்லு," என்றார் மோட்டார் சார் பழக்க தோஷத்தில். நாளைக்குத்தான் குழு வருகிறது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பிள்ளைகள் போன பிறகு அவர் மட்டும் லேபில் நின்றார். பச்சை மோட்டார்கள் எல்லாம் அவரையே பார்ப்பது போலிருந்தது. அப்போதுதான் வீட்டு வாஷிங் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே கம்ப்யூட்டருக்குப் பதில் அவர் உட்காரவில்லையா? துணி வெளுக்கவில்லையா?

லேபின் மூலையில் உயரமாக ஒரு இரும்பு அலமாரி. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது, ஒல்லியான ஆளாக இருந்தால். அங்கே ஒரு ரியோஸ்டாட்டைக் கொண்டுபோய் வைத்தார். ரியோஸ்டாட் என்பது நீளக் கம்பிச் சுருள். மேலே ஒரு கைப்பிடி இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளினால் மோட்டாரின் வேகம் கூடும், மறுபக்கம் தள்ளினால் குறையும். அதிலிருந்து இரண்டு ஒயர்களைச் சுவரோரமாகவே இழுத்து வந்து, மோட்டாரில் பிள்ளைகள் மாட்டியிருந்த ஒயர்களைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். பிள்ளைகளின் ஒயர்களை மாட்டியிருக்கிற மாதிரியே மோட்டாருக்கு அடியில் செருகிவைத்தார். கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார். மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடியது.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் மனைவி, சாப்பிடும்போது.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு மோட்டார் ஓடும்."

"கம்ப்யூட்டர் ஓட்டுமா?"

"ஓட்டற மாதிரி ஓடும்."

மனைவி அவரையே பார்த்தார். வழக்கமான சிரிப்பு வரவில்லை. "யாரு, நம்ம வீட்டு வாஷிங் மெஷினை ஓட்டற அதே கம்ப்யூட்டரா?"

மோட்டார் சார் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"பசங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா உங்க மூஞ்சியில முழிப்பாங்களா?"

அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை நேராக லேபுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. மேடத்தின் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். இடையில் நடைபாதையில் சந்தேகம் ஓடி வந்து மறித்தாள். தூங்காத கண்கள்.

"சார், ஒரு நிமிஷம். நேத்து அந்த மோட்டார்ல..."

"எந்தச் சந்தேகமா இருந்தாலும் குழு போனதுக்கு அப்புறம்தான்."

"இல்ல சார், நாங்க காலையில..."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. எந்தக் கட்டளையா இருந்தாலும் முதல்ல சத்தமா சொல்லணும், அப்புறம்தான் தட்டணும். குழுவுக்குப் புரியணும் பாரு," என்று சொல்லிக்கொண்டே அவர் கழன்றுகொண்டார்.

குழுத் தலைவர் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர். கூட வந்த இரண்டு பேரும் அவர் தலையாட்டும்போது மட்டும் தலையாட்டினார்கள். எல்லோரும் லேபுக்குள் வந்து நின்றதும் மோட்டார் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் பக்கத்துல நிக்கறது என் முறை இல்ல. பசங்களே காட்டுவாங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

"என்ன ஒரு அடக்கம்," என்று மேடம் குழுத் தலைவரின் காதில் சொன்னது நன்றாகவே கேட்டது. மோட்டார் சார் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி, அலமாரிக்குப் பின்னால் போனார். மூச்சை உள்ளிழுத்துக்கொண்டால்தான் வயிறு உள்ளே போனது. ஒட்டடை தலையில் விழுந்தது. இடுக்கு வழியே சந்தேகத்தின் தோளும் மோட்டாரின் ஒரு பாதியும் தெரிந்தன.

"கால் வேகம்," என்றாள் சந்தேகம்.

அவர் கைப்பிடியைத் தள்ளினார். மோட்டார் ஓடியது.

"பாதி வேகம்."

தள்ளினார். வியர்வையில் கை வழுக்கியது. அதற்குள் மோட்டார் வேகம் பிடித்துவிட்டது. பழகின மோட்டார், கை வைப்பதற்கு முன்பே மனதைப் புரிந்துகொள்கிறது என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

"இது என்னம்மா, மோட்டார் மேல குட்டியா ஒண்ணு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"பொறியை அடக்கறதுக்கு சார். உள்ள கரித்துண்டு உரசறப்ப பொறி பறக்கும். அந்த இரைச்சல் ஒயர் வழியா வந்து போர்டை அணைச்சுடும். இதை வெச்சா அது போர்டுக்கு வராது."

அலமாரிக்குப் பின்னால் மோட்டார் சாருக்குச் சுருக்கென்றது. கரித்துண்டு. இத்தனை வருஷமாகத் தன் கையாலேயே மாற்றிவருகிற கரித்துண்டு. பொறி பறப்பதை நாள் தவறாமல் பார்த்தவருக்கு இது தோன்றவில்லை. இந்தப் பெண் ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டாள். அப்படியானால் அவர்களுடைய போர்டு உண்மையிலேயே ஓடியிருக்கும். ஒயரைப் பிடுங்கிப் போட்டது அவர்தான். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"நீ தட்டாமலே அது மாறுமா?" என்று கேட்டார் குழுத் தலைவர். "மெதுவா, வேகமா, மெதுவா, வேகமான்னு?"

"இருங்க சார், அதை எழுதிடறேன்." படபடவென்று விசைகளின் சத்தம். "இப்போ தானாவே மாறும்."

எப்போது மாறும் என்று அவள் சொல்லவில்லை. மோட்டார் சாருக்கு விழி பிதுங்கியது. குத்துமதிப்பாக ஒரு தாளம் வைத்துக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ள ஆரம்பித்தார். முழங்கை சுவரில் இடித்தது, முட்டி அலமாரியில் இடித்தது. மோட்டார் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடியது. அவர் தள்ளியதால் மோட்டார் ஏறியதா, மோட்டார் ஏறுகிறதென்று அவர் தள்ளினாரா என்றெல்லாம் யோசிக்க அவரிடம் மூச்சு மிச்சமில்லை. சந்தேகம் "நிறுத்தறேன்" என்றதும் கைப்பிடியைக் கடைசி வரை இழுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

குழுத் தலைவர் கை தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். இது அந்தத் துறையில் வழக்கமாகத் தட்டுகிற கை தட்டல் இல்லை, நிஜமானது.

"இந்த லேபை யாரும் தொடக் கூடாது," என்றார் குழுத் தலைவர். "மோட்டாரும் கம்ப்யூட்டரும் இப்படிப் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் பசங்களுக்குப் புரியும். அடுத்த மாசம் எல்லாக் கல்லூரிக்காரங்களும் வர்ற கூட்டத்துல இதே மோட்டாரைத் தூக்கிட்டு வந்து மேடையில காட்டுங்கம்மா."

"காட்டறோம் சார்," என்றாள் சந்தேகம். "எங்க சார் இல்லைன்னா இது ஓடியே இருக்காது சார்."

லேப் பிழைத்துவிட்டது. மோட்டார்கள் பிழைத்துவிட்டன. மோட்டார் சார் அலமாரிக்குப் பின்னாலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணை ஒரு பெரிய மேடையில் நினைத்துப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் அவள் விசையைத் தட்டுகிறாள், மோட்டார் அசையாமல் கிடக்கிறது, ஏன் என்று தெரியாமல் அவள் விழிக்கிறாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

தலையெல்லாம் ஒட்டடையோடு அவர் வெளியே வந்தார். மேடம் வாயைப் பிளந்தார்.

"மன்னிக்கணும்," என்றார் மோட்டார் சார் குழுத் தலைவரைப் பார்த்து. "இந்த மோட்டாரைக் கம்ப்யூட்டர் ஓட்டலை. நான்தான் ஓட்டினேன். அலமாரிக்குப் பின்னால நின்னு, கையால."

குழுத் தலைவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"பசங்களுக்கு எதுவும் தெரியாது. தப்பு மொத்தமும் என்னுதுதான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார். தெரியாதுன்னு சொல்ல வாய் வராம, நீங்களே கண்டுபிடிங்க, நீங்களே கண்டுபிடிங்கன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். என் முறை, என் முறைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது அவ்வளவுதான். இவங்க செஞ்சது ஓடுமா ஓடாதான்னு பார்க்கக்கூட நான் இவங்களை விடலை. நேத்தே ஒயரைப் பிடுங்கிட்டு என்னோடதை மாட்டிட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான், லேபை எடுத்துக்குங்க. பசங்க மேல மட்டும் கோபப்படாதீங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு மனம் லேசானது. ஜன்னலோர மோட்டாரின் மேல் கை வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். மேடம் குழுத் தலைவரைப் பார்த்தார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற இருவரும் தலையை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

சந்தேகம் மோட்டாருக்கு அடியில் குனிந்து பார்த்தாள், சுவரோரமாகக் கிடந்த ஒயரின் வழியே அலமாரி வரைக்கும் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சார், யாரோ எங்க ஒயரை மாத்தி மாட்டியிருக்காங்கன்னு அந்த ரெண்டையும் காலையிலேயே கழட்டிப் போட்டுட்டு எங்களோடதை மாட்டிட்டோமே, நீங்க பின்னால எதைத் தள்ளிக்கிட்டு இருந்தீங்க?"